ஒரு காதுதானே என்று சொல்லாதீர்கள்

கேள்வி கேட்ட தங்கச்சி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய அக்காவுக்கு 34 வயது, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் எழும்பும்போது வலது காது அடைத்துப்போய் இருந்ததாம். தடிமன் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்துக் காட்டியபோது, இந்தக் காது இனித் திரும்பாது, ஆனால் மற்றக் காது நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அக்கா ஆளே மாறிவிட்டாராம். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார், கல்யாண வீடு காட்சி வீடு என்று எதற்கும் வருவதில்லை, வேலை விட்டு வந்ததும் முகம் கழுவாமல்கூடப் படுத்துவிடுகிறார், இரவில் தூக்கமில்லை. "ஒரு காதுதானே, இதற்கு இவ்வளவா" என்கிறார் மச்சான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் அம்மா. இது காது வருத்தமா, மன வருத்தமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்காதீர்கள் தங்கச்சி. காதில் நடந்ததுதான் மனதிலும் நடந்துகொண்டிருக்கிறது. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்கினாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும். நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் காது சோதிக்கும் அறையில் 17 வருடமாக வேலை செய்கிறேன். எனக்கே இடது காது கேட்காது. ஒன்பது வயதில் கூகைக்கட்டு வந்து, வீக்கம் வற்றும்போது காதும் போய்விட்டிருந்தது.

முதலில் மச்சானுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது, வலது காதை விரலால் நன்றாக அமுக்கி அடைத்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா என்று கொண்டக்டர்மார் கத்துவார்கள், ஹோர்ன் அடிக்கும், ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு பாட்டுப் போகும். சத்தம் எல்லாம் அவருக்குக் கேட்கும். ஆனால் எது எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாது. யாராவது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். விரலை எடுத்ததும் அவருக்கு எல்லாம் சரியாகிவிடும், உங்கள் அக்காவுக்கு அந்த விரலை எடுக்க முடியாது.

ஒரு சத்தம் எந்தப் பக்கம் என்று நமக்குச் சொல்வது காது அல்ல, மூளை. பக்கவாட்டில் இருந்து வரும் சத்தம் ஒரு காதை அடைந்து மற்றக் காதை அடைவதற்குள் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைந்த நேரம்தான் ஆகும். அந்தத் துளி வித்தியாசத்தையும், இரண்டு காதிலும் விழும் சத்தத்தின் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. ஒரு காது போனால் ஒப்பிட இன்னொன்று இல்லை, கணக்கே கிடையாது. அதோடு இன்னொன்று நடக்கிறது. கேட்காத பக்கத்தில் நின்று ஒருவர் பேசினால் நம் தலையே சத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது. அடிக்குரல் தலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் வந்துவிடும், கூர்மையான ஒலிகள் வராது. எழுத்தில் சொன்னால் உயிரெழுத்துக்கள் வரும், மெய்யெழுத்துக்கள் தேய்ந்துபோகும். பால் என்றதும் கால் என்றதும் ஒன்றுபோலக் கேட்கும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. "காது கேட்குதுதானே, ஏன் விளங்கவில்லை" என்று மச்சான் கோபப்படுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சரி, விளங்காத மெய்யெழுத்தை யார் நிரப்புவது? மூளைதான். வாய் அசைவைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, முன்னால் பேசியதை ஞாபகம் வைத்து, இது பாலாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகம் முடிவதற்குள் அடுத்த வசனம் வந்துவிட, அதையும் துரத்திப் பிடித்து, இப்படியே காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் வரைக்கும். ஒரு பிள்ளைக்காம்பராவை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு அறை, சீமெந்துத் தரை, மேலே தகரம், இருபது பிள்ளைகள். ஒன்று அழுகிறது. எந்தத் தொட்டில் என்று மற்றவர்கள் திரும்பாமலே அறிந்துகொள்வார்கள், உங்கள் அக்கா இருபது முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டால் தகரத்தில் விழும் சத்தத்தில் அந்த அழுகையே கேட்காமல் போகலாம். ஒரு குழந்தை அழுது தனக்குக் கேட்காமல் போய்விடுமோ என்ற பயத்தை நாள் முழுக்க நெஞ்சில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்கு வந்து முகம் கழுவாமல் படுப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பதற்காகப் படும் பாட்டினால் வரும் அசதி அது, கொழுந்துக்கூடை சுமந்த அசதிக்கு எந்த விதத்திலும் குறைந்தது அல்ல. எரிச்சலும் அங்கிருந்துதான் வருகிறது. அந்தி நேரத்தில் அடுப்படியில் பாத்திரம் உருள, டிவி ஓட, நீங்கள் பின்னால் நின்று ஏதோ கேட்க, ஒரு நாளில் நூறாவது தடவையாக "என்ன?" என்று கேட்கிற ஆள் நூற்றோராவது தடவை கத்தத்தான் செய்வார்.

இதைவிட மோசமாக மனதைத் தின்பது இன்னொன்று இருக்கிறது. கண் தெரியாதவரை, கால் நொண்டுகிறவரைப் பார்த்தால் ஊருக்குத் தெரியும். ஒரு காது கேட்காதவரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர் பதில் சொல்லவில்லை என்பது மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். நம் லயத்து வாழ்க்கையில் அது சின்ன விஷயமில்லை. பத்துக் குடும்பம் ஒரே வரிசையில் இருக்கிறோம், பீலிக்கரையில் நின்று ஒருவர் "சாப்பிட்டியா" என்று கேட்டால் பதில் சொல்லாமல் போவது பெரிய மரியாதைக் குறைச்சல். என் பெரியம்மா ஒரு கல்யாண வீட்டில் என்னை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், இடது பக்கத்திலிருந்து. நான் சிரித்துக்கொண்டே நேரே போயிருக்கிறேன். ஏழு வருடம் அவர் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. "படித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது" என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது, அம்மாவின் கருமாதியில்தான் அவர் அழுதுகொண்டே சொன்னார். இப்படித் தெரிந்தது ஒன்று, தெரியாமலே போனது எத்தனையோ. இது இரண்டு மூன்று தடவை நடந்துவிட்டால் ஆளுக்குக் கூட்டமே வேண்டாம் என்றாகிவிடும். கல்யாண வீட்டுக்குப் போனால் யார் எந்தப் பக்கம் நின்று பேசுவார்களோ, நான் தலையாட்டக் கூடாத இடத்தில் தலையாட்டிவிடுவேனோ என்று போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அக்கா எதற்கும் வராமல் இருப்பது உங்கள்மேல் உள்ள வெறுப்பினால் அல்ல.

2018இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு காது போன ஆட்களை உட்கார வைத்து மனம் விட்டுப் பேசச் சொல்லிப் பதிவு செய்த ஆய்வு ஒன்று வந்தது. அவர்கள் சொன்னது இதேதான்: இருக்கிற காதும் போய்விடுமோ என்ற பயம், கூச்சம், தன்மேல் நம்பிக்கை குறைவது, ஆட்களிடமிருந்து ஒதுங்குவது. எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரர்களும் நம் சோதனை அறைக்கு வருகிற கொழுந்துக்காரப் பெண்களும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள் என்பதை வாசித்தபோது எனக்கு ஒரு ஆறுதலாகவே இருந்தது.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல்களும் உண்டு. ஒன்று சிங்களம். இரைச்சலில் பாதி வசனம் கேட்டாலும் தாய்மொழி என்றால் மீதியை நிரப்பிக்கொள்ளலாம். பழகின இரண்டாவது மொழியில் அப்படி நிரப்புவது மிகவும் கஷ்டம். கிளினிக்கில், வங்கியில், பொலிசில், பஸ்ஸில் சிங்களத்தில் பேசுவதை இரண்டு காதோடு சமாளித்தவர்கள் ஒரு காதோடு திணறிப்போவார்கள், அதைத் தன் அறிவு மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். "எனக்கு மூளை வேலை செய்யவில்லை மிஸ்" என்று என்னிடம் அழுதவர்கள் இருக்கிறார்கள். மூளை முன்னைவிட இரட்டிப்பாக வேலை செய்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று மலை. எங்கள் அறைக்கு வந்த ஒரு பெண் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது யாரோ "குளவி, குளவி" என்று கத்தியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரு பக்கமாக ஓட, இவர் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் குளவி வந்த பக்கமே ஓடியிருக்கிறார். முகமெல்லாம் கொட்டு. காயம் ஆறிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு யார் உரத்துக் கூப்பிட்டாலும் கை நடுங்குகிறது என்றார். பனிமூட்டம் இறங்கினால் இன்னும் மோசம். கண்ணும் உதவாது, வளைவில் லொறி வருகிறதா, மேலேயா கீழேயா என்று காதும் சொல்லாது. எந்த நேரமும் ஏதோ ஒன்று பின்னால் வருகிற மாதிரி உடம்பு விறைத்தே இருக்கும். இந்த விறைப்பை மாதக்கணக்கில் சுமந்தால் அதுவே பதற்ற வருத்தமாக மாறிவிடும்.

தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்காத காதில் இரைச்சல் இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் அதைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயப்படுவார்கள். செத்த காதில் எப்படிச் சத்தம் வரும் என்று கேட்பீர்கள். காதிலிருந்து செய்தி வராமல் போனதும் மூளை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதுபோலத் தன் பக்கத்தில் கூட்டிவிடுகிறது, அந்தக் கூட்டலில் எழும்புவதுதான் கீய்ங் என்ற இரைச்சல். நம் தோட்டத்து இரவு வேறு அப்படி அமைதி, அதனால் இரவில்தான் அது பெரிதாகத் தெரியும். கவனித்தால் பயம், பயந்தால் இன்னும் கவனம், அப்படியே விடியும். இதற்கு முழு அமைதி ஆகாது. தலைமாட்டில் ரேடியோவை மிக மெல்லிதாக வைத்தாலும் போதும், போனில் மழைச் சத்தம் ஒன்றைத் தாழ்வாக ஓடவிட்டாலும் போதும், அமுக்கிவிட வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொரு சத்தம் இருந்தால் சரி. இரைச்சல் அடியோடு நிற்கும் என்று யாராவது மருந்தோ தைலமோ விற்றால் வாங்காதீர்கள். அதை நினைத்துப் பயப்படும் விதத்தை மாற்றுகிற பேச்சு வழிச் சிகிச்சை ஒன்று மனநலப் பிரிவில் செய்வார்கள், அது உண்மையாகவே பலன் தருகிறது.

"ஒரு காது போதும்" என்று சொன்ன டொக்டர்மேல் கோபப்படாதீர்கள், மருத்துவமே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் பெஸ், ஆன் மரி தார்ப் இருவரும் 1984இல் ஒரு காது கேட்காத பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வகுப்பையாவது திரும்பப் படித்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம்கூட முன்பு நல்ல காதை வைத்துத்தான் தரம் பிரித்தது, நல்ல காது நன்றாக இருந்தால் கணக்கில் குறைபாடே கிடையாது. 2021இல் வந்த அறிக்கையில்தான் ஒரு பக்கக் கேள்விக் குறைபாட்டைத் தனி வகையாகச் சேர்த்தார்கள். நான் படித்த பாடசாலையில் மழை நாளில் இடது பக்கம் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று என் கன்னத்தில் அறைந்தார்கள், அதே இடது கன்னத்தில். ஆகவே இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன்: கவனமில்லாத பிள்ளை, பகல் கனவு காணும் பிள்ளை என்று ஒன்றைத் தீர்மானிப்பதற்கு முன், இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதிக்க அனுப்புங்கள். பிறவியிலேயே ஒரு காது கேட்காத பிள்ளைக்குத் தனக்குக் குறை இருப்பதே தெரியாது, எல்லாருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

இனி அக்காவுக்கு என்ன செய்யலாம்? திடீரென்று ஒரு காது மட்டும் போனவர்களுக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். கேள்வி நரம்பில் சில நேரம் புற்றுநோய் அல்லாத, மெதுவாக வளரும் ஒரு கட்டி இருக்கலாம். அநேகமாக இருக்காது, ஆனால் பார்த்துவிட வேண்டும். அக்காவுக்கு எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடத்தின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். தலைச்சுற்று, நடக்கும்போது தள்ளாட்டம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கருவி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அடியோடு போன காதில் சாதாரணக் கேட்கும் கருவியைப் போட்டால் பலனில்லை. கேட்காத பக்கம் ஒரு மைக் வைத்து அந்தச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்புகிற குரோஸ் என்ற வகை ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் பேசுவது கேட்கும், திசை திரும்பி வராது. சிலருக்கு அது பெரிய நிம்மதி, சிலருக்கு இரைச்சல் கூடுகிற தொல்லை. ஆகவே சில நாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கட்டுவது என்று சொல்லுங்கள். எலும்பு வழியாகச் சத்தம் கடத்தும் கருவியும் உண்டு. உட்காதில் பொருத்தும் கொக்லியர் கருவியை ஒரு காது போனவர்களுக்கும் வைக்கலாம் என்று அமெரிக்காவில் 2019இல் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் செலவு நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

காசில்லாமல் செய்யக்கூடியவைதான் அதிகம் உதவும். அக்காவுக்குக் கேட்பது இடது காது, அதனால் உலகம் முழுவதும் அவருடைய இடது பக்கத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் ஓரம் உட்காரட்டும், எல்லாரும் இடது பக்கம் வந்துவிடுவார்கள். ரோட்டில் வலது ஓரமாக, வாகனங்களை எதிர்கொண்டு நடந்தால் பாதை முழுக்க நல்ல காதுப் பக்கம் இருக்கும். பந்தியில் வலது பக்கம் சுவர் வருகிற மாதிரி உட்கார வையுங்கள். பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஒரே பக்கமாகத் திருப்பிப் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆன்ட்டியின் கையைத் தொட்டுவிட்டுப் பேசப் பழக்குங்கள், பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடும், பெரியவர்களுக்குத்தான் ஒரு வருடம் ஆகும். போனில் பாட்டுக் கேட்கிறவர் என்றால் செட்டிங்ஸில் மோனோ ஓடியோ என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வலது பக்கத்தில் வருகிற வாத்தியமெல்லாம் காணாமல் போகும். பாட்டு முன்போல இல்லை என்று சொல்லி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு நிமிட வேலை அது.

நல்ல காதைக் காப்பாற்றுவதைப் பற்றி நிறையப் பயம் இருக்கும், அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவது நல்லது. ஹேர்பின், தீக்குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது, வெள்ளைப்பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றக் கூடாது, காதுக்குள் மாட்டி உரத்துப் பாட்டுக் கேட்கக் கூடாது, அந்தக் காது கொஞ்சம் அடைத்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவ்வளவுதான். இதைச் செய்துவிட்டு மற்ற நேரம் அதை நினைக்காமல் இருக்கலாம்.

லயத்தில் சொல்லிவிட வேண்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். "எனக்கு ஒரு காது கேட்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்க" என்ற ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு 20 வருடம் எடுத்தது. முதல் பத்துப் பேரிடம் சொல்வது தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருக்கும், அதனால் அக்காவுக்குப் பதிலாக முதலில் நீங்கள் சொல்லுங்கள், அவர் சம்மதத்தோடு. பீலிக்கரையில் இரண்டு பேருக்குச் சொன்னால் போதும், அந்திக்குள் முழு லயத்துக்கும் தெரிந்துவிடும்.

மனதுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக ஒவ்வொரு நாளும் மனம் சோர்ந்து, பிடித்த எதிலும் விருப்பமில்லாமல், சாப்பாடு தூக்கம் கெட்டு இருந்தால் அது காதை இழந்த துக்கத்தைத் தாண்டிவிட்டது, மனச்சோர்வு வருத்தம் அது, மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமாகும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அக்கா அந்த இடத்துக்குக் கிட்ட வந்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது, அங்கே போவதால் யாரும் பைத்தியமாகிவிடுவதில்லை. அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் மனம் ஆறுமென்றால் போகட்டும், ஆனால் கிளினிக்கையும் விடக்கூடாது. "இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சி மருந்து, மாத்திரை இருந்தால் எடுத்துவிடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் வராது.

வாசிக்கிற மற்ற எல்லாருக்கும் ஒன்று. ஒரு காது திடீரென்று, ஒரு நாளில் அல்லது மூன்று நாளுக்குள் கேட்காமல் போனால் அது தடிமன் இல்லை, குறும்பி இல்லை என்று நினைத்துக்கொண்டு உடனே காது டொக்டரிடம் போங்கள். ஸ்டீரொயிட் மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே தொடங்கினால்தான் திரும்பி வர வாய்ப்புக் கூடும். அக்காவுக்கு அது தவறிவிட்டது. அதற்காக யாரையும் வீட்டில் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம், காது அடைத்தால் தடிமன் என்றுதான் யாரும் நினைப்பார்கள், மருந்து கொடுத்தாலும் எல்லாருக்கும் திரும்புவதில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது மச்சானையும் கூட்டிப் போங்கள் தங்கச்சி. டொக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுவார், மச்சான் அக்காவின் இடது பக்கம் உட்காரட்டும், விளங்காததை மெதுவாகத் திருப்பிச் சொல்லட்டும். எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா இல்லையா என்பதை மறக்காமல் எழுதுங்கள்.